ஹாங்காங் நகரசபைத் திட்டம் கைவிடப்பட்டதற்குச் சீனாதான் காரணமா?

ஈரோடு, முதுகலை வரலாற்று மாணவி:
ரிப்பன் பிரபுவின் 1882-ஆம் ஆண்டு உள்ளாட்சித் தீர்மானத்துக்குப் பிறகு நம் நகரசபைகளில் தேர்தல் வழியே வந்தவர்கள் பெருகினர். எங்கள் ஊரில் பெரியாரே தலைவராக இருந்து 1919-இல் விலகினார். அதே பிரிட்டிஷ் அரசு, ஹாங்காங்கில் ஆளுநர் மார்க் யங் 1946-இல் அறிவித்த நகரசபைத் திட்டத்தை 1952-இல் ஏன் கைவிட்டது? ஆய்வேட்டுக்காகக் கேட்கிறேன், பெரியவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கோவை, ஓய்வுபெற்ற பேராசிரியர்:
அம்மணி, நல்ல கேள்வி. யங் திட்டப்படி உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினரைச் சீனர்களும் சீனரல்லாதோரும் சரிபாதியாகத் தேர்ந்தெடுத்திருப்பார்கள். 1947-இல் ஆளுநரான அலெக்சாண்டர் கிரந்தம் அதில் ஆர்வம் காட்டவில்லை. 1949-இல் சீனாவில் கம்யூனிஸ்டு ஆட்சி அமைந்ததும், தேர்தல் வைத்தால் கம்யூனிஸ்டுகளும் அவர்களிடம் தோற்ற கோமிண்டாங் என்னும் தேசியவாதக் கட்சியினரும் ஹாங்காங் தெருக்களிலேயே மோதிக்கொள்வார்கள் என்ற அச்சம் வலுத்தது. ஹாங்காங் நிலப்பரப்பில் பெரும்பகுதி 1898-இல் சீனாவிடமிருந்து 99 ஆண்டுக் குத்தகைக்கு வாங்கியது என்பதால், மற்ற காலனிகளைப் போல விடுதலையை நோக்கி அதை நடத்திச் செல்லவும் வழியில்லை. தன்னாட்சியை நோக்கிய எந்த நகர்வும் நட்புக்கு விரோதமானது என்று 1958-இல் சீனப் பிரதமர் சூ என்லாய் லண்டனுக்குச் சொல்லியனுப்பினார்.

பொள்ளாச்சி, வழக்கறிஞர்:
ஐயா, மன்னிக்க வேண்டும். 1958-இல் வந்த எச்சரிக்கை 1952-இன் முடிவுக்குக் காரணமாக முடியாது. 1949-இலேயே சட்டமன்றத்தின் நியமன உறுப்பினர்கள் நகரசபை வேண்டாம், சட்டமன்றத்தையே மாற்றுங்கள் என்று கேட்டுவிட்டார்கள். குப்பையும் சந்தையும் பார்க்கும் ஒரு சபையால் இறையாண்மைக்கு என்ன கேடு? சுகாதாரம், சந்தை ஆகியவற்றைக் கவனித்த, முன்பே இருந்த வேறொரு அமைப்பான நகர்மன்றத்துக்கு (Urban Council) அதே 1952-இல் இரண்டு உறுப்பினர்களைத் தேர்தல் வழியே அனுமதித்தார்கள். உள்ளூர் மேல்தட்டினர் விரும்பாததை வெளியுறவின் பேரால் நியாயப்படுத்தினார்கள் என்பதே என் எண்ணம்.

கோவை, ஓய்வுபெற்ற பேராசிரியர்:
ஆண்டுக் கணக்கில் நீங்கள் சொல்வது சரி, ஏற்கிறேன். ஆனால் குப்பை, சந்தையோடு நகர நிர்வாகம் நின்றுவிடுவதில்லை. எங்கள் தெருக் குழாயில் சிறுவாணித் தண்ணீர் வரும் நாளில் குடங்கள் விடியுமுன்னே வரிசை கட்டிவிடும். அணையோ கேரள மண்ணில் இருக்கிறது. ஹாங்காங்கில் 1963-ஆம் ஆண்டு வறட்சியில் நான்கு நாளுக்கு ஒருமுறை நான்கு மணி நேரம்தான் தண்ணீர் விட்டார்கள். 1965 முதல் சீனாவின் தோங்சியாங் ஆற்று நீர் வந்தது. குடிநீருக்கே அண்டை நாட்டை நம்பியிருக்கும் ஊரில் உள்ளாட்சிச் சீர்திருத்தம் அந்த நாட்டின் காதுக்கு எட்டாமல் நடக்காது. அம்மணி, 1949-இன் சட்டமன்ற விவாதத்தையும் 1952-இன் லண்டன் அமைச்சரவைத் தாள்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். வழக்கறிஞர் சொல்வதற்கு எவ்வளவு எடை உண்டு என்பது அங்கேதான் தெரியும்.