சேண்ட்லர் எரிக்காவிடம் கெஞ்சிய காட்சி உங்களை என்ன செய்தது?

முதல் பதிவு

ஃப்ரெண்ட்ஸ் என்ற அமெரிக்க நகைச்சுவைத் தொடரின் பத்தாம் சீசனில், தத்தெடுப்பு முகமையில் கோப்பு மாறிப்போனதால் குழந்தையில்லாத தம்பதியரான மோனிகாவையும் சேண்ட்லரையும் மதபோதகர், மருத்துவர் என்று நம்பி, தன் வயிற்றுக் குழந்தையைத் தத்துக்கொடுக்கவிருந்த எரிக்கா உண்மை தெரிந்து விலகியதும், சேண்ட்லர் மட்டும் திரும்பிச் சென்று பேசுவாரே, அதைத்தான் சொல்கிறேன். தந்தையாக இருக்கத் தாம் இனிமேல்தான் கற்றுக்கொள்ள வேண்டும் என்றும், தம் மனைவியோ ஏற்கெனவே தாய்தான், கையில் குழந்தை மட்டும்தான் இல்லை என்றும் அவர் சொன்னபோது, என் கணவர் ரிமோட்டை எடுத்துப் படத்தை நிறுத்தினார். சிகிச்சை மறுபடியும் கைகொடுக்காமல் போயிருந்த வாரம் அது. எதற்கெடுத்தாலும் கேலி பேசியே தப்பித்துக்கொள்ளும் மனிதர், திரையில் அசையாமல் நின்ற அந்த முகத்தைப் பார்த்தபடி, “இதை நான் உன்னிடம் ஒருநாளும் சொன்னதில்லை” என்றார். அந்த எபிசோடின் மீதியை நாங்கள் இன்றுவரை சேர்ந்து பார்க்கவில்லை.

இரண்டாம் பதிவு

எல்லாரும் அந்தக் கெஞ்சலையே கொண்டாடுகிறீர்கள். எனக்கு ஒன்பதாம் சீசனில் வரும் தொலைபேசி அழைப்புதான் பெரிது. கருத்தரிப்புப் பரிசோதனை முடிவை மருத்துவர் சேண்ட்லரிடம் சொல்லிவிட, அதை மோனிகாவிடம் சொல்லும் சுமை அவர் தலையில் விழுகிறது. எனக்கும் அப்படியோர் அழைப்பு வந்தது. அடுத்த அறையில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். பேச்சு முடிந்த பிறகும் கைபேசியைக் காதிலிருந்து எடுக்காமல், இன்னும் கேட்டுக்கொண்டிருப்பதுபோல் நின்றேன். குறை இருவரிடமும் இருப்பதாக அந்தக் கதையை எழுதியதை நான் மிகவும் மதிக்கிறேன். பழி ஒருவர்மேல் மட்டும் விழுந்திருந்தால், பிற்பாடு வந்த அந்தக் கெஞ்சல் வெறும் பிராயச்சித்தமாகத் தோன்றியிருக்கும்.

மூன்றாம் பதிவு

நான் தத்தெடுக்கப்பட்டு வளர்ந்தவள். 2004 மே 6 அன்று முதன்முதலில் ஒளிபரப்பான இறுதி எபிசோடைப் பிற்பாடு அம்மாவோடு பார்த்தேன். பிறக்கப்போவது இரட்டைக் குழந்தைகள் என்று அறிந்து சேண்ட்லர் பதறும் இடத்தில் எல்லாரும் சிரிப்பார்கள். அம்மா என் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

இரண்டாம் பதிவரே, பழி யார்மேல் என்பது பெற்றோரின் கணக்கு, குழந்தைக்கு அதில் ஒன்றுமில்லை. முதல் பதிவிட்ட சகோதரி, நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: தத்தெடுக்கும் எண்ணம் வந்தால், நினைவு தெரிந்த நாள் முதலே குழந்தைக்கு அதைச் சொல்லிவாருங்கள், ஒருநாள் எதிரில் உட்காரவைத்து அறிவிக்கும் செய்தியாக அதை வைத்துக்கொள்ளாதீர்கள். பெற்றவளைப் பற்றி எது கிடைத்தாலும், கடிதமோ மருத்துவக் குறிப்போ, பத்திரப்படுத்துங்கள். உறவினர்கள் அவளைக் குறைத்துப் பேச இடம் கொடுக்காதீர்கள். அந்தத் தம்பதியர் பெண் குழந்தைக்கு எரிக்கா என்றே பெயரிட்டார்களே, அதைக் கவனியுங்கள்: அந்தப் பெண் வளர்ந்து யாரிடம் தன் பெயரைச் சொன்னாலும், பெற்றவளின் பெயரையும் சேர்த்தே சொல்வாள்.

நான்காம் பதிவு

பெயர் வைத்ததோடு எரிக்காவைக் கதை விட்டுவிட்டது என்பதே என் வருத்தம். அதே தொடரில் இவர்களின் தோழியான ஃபீபியை நினைத்துப் பாருங்கள். ஃபீபியாக நடித்த லிசா குட்ரோ உண்மையிலேயே கருவுற்றதால் உருவான கிளைக்கதைதான் என்றாலும், தம்பி ஃப்ராங்குக்காக வாடகைத் தாயாகச் சுமந்த மூன்று குழந்தைகளை நூறாவது எபிசோடில் பெற்றெடுத்த ஃபீபிக்கு, அவர்களோடு தனியாகப் பேசச் சில நிமிடங்கள் தந்தார்கள். நான் என் அக்காவுக்காகச் சுமந்தவள். செவிலியர் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு, குழந்தையோடு என்னைக் கொஞ்ச நேரம் தனியே விட்டார். அப்போது நான் குழந்தையிடம் என்ன பேசினேன் என்பது அக்காவுக்கு இன்றும் தெரியாது. எரிக்காவுக்கும் அப்படியொரு காட்சியை எழுதியிருக்க வேண்டும்.