சூடானதும் நின்றுவிடும் பழைய எஞ்சின்: வழி சொல்லுங்கள்

வணக்கம். பெட்ரோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடும் பழைய பம்ப்செட் எஞ்சின் ஒன்றைச் சீர்செய்து வருகிறேன். காலையில் ஒரே இழுப்பில் கிளம்பிவிடுகிறது. நன்றாகச் சூடேறியதும் விக்கி விக்கி நின்றுவிடுகிறது. ஆறினால்தான் மறுபடி உயிர் வருகிறது.

கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவியாயிற்று; மிதவையும் ஊசியும் சரியாகவே இருக்கின்றன. நின்ற கையோடு பிளக்கைக் கழற்றிப் பார்த்தால், நீலமாக வரவேண்டிய பொறி மங்கிச் சிவந்து தெரிகிறது. பொறிக்கான மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் பாயிண்ட் முனைகளும் கருகியிருக்கின்றன. அந்த முனைகள் கருகாமல் காக்கும் கண்டென்சர் மீதுதான் என் சந்தேகம். ஆனால் பொறிக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலும் சூட்டில் இப்படிப் படுத்துமா? இரண்டில் எது என்று எப்படிப் பிரித்தறிவது?

இவற்றை மாற்ற, மேலே மூடியிருக்கும் பிளைவீலை (கனத்த சுழல்சக்கரத்தை) இழுத்துக் கழற்றும் புல்லர் என்ற கருவி வாடகைக்குக் கிடைக்குமா? பட்டறையில் சுத்தியலை எடுத்தார்கள். வேண்டாமையா என்று எஞ்சினைத் தூக்கிவந்துவிட்டேன். மதுரைப் பக்கம் பழைய உதிரிபாகக் கடை தெரிந்தாலும் சொல்லுங்கள்.