ஓடுகிற மெஷினைத் திறந்து கெபாசிட்டர் மாற்ற வேண்டுமா?

மின்மினி

எல்லோருக்கும் வணக்கம். சித்தப்பா பல வருடமாக மூட்டை கட்டி வைத்திருந்த இரண்டு பழைய கணினிகள் என் கைக்கு வந்திருக்கின்றன. ஒன்று கமடோர் 64. சுவிட்சைப் போட்டதும் நீலத் திரை வந்தது, பேசிக் மொழிக்கு 38911 பைட் நினைவகம் காலியாக இருக்கிறது என்று காட்டியது, விளையாட்டு ஒன்றை ஏற்றினால் சத்தமும் சரியாக வந்தது. இன்னொன்று அமிகா 500 பிளஸ். அதற்கு இன்னும் கரன்ட் கொடுக்கவில்லை. கூடவே ஒரு பெட்டி நிறைய டிஸ்க்குகள்.

ஓடினாலும் சரி, ஓடாவிட்டாலும் சரி, மின்சாரத்தைச் சேமித்துச் சீராக்கும் கெபாசிட்டர் எல்லாவற்றையும் முதலில் மாற்றிவிடு என்கிறார் ஒரு நண்பர். ஓடுகிற மெஷினில் கை வைக்காதே என்கிறார் இன்னொருவர். எனக்குச் சாலிடரிங் ஓரளவுக்கு வரும். எதைக் கேட்பது?

ஈயக்கம்பி

மாற்றிவிடுங்கள், இரண்டிலும்.

என்னிடம் ஒரு மெக்கின்டாஷ் எஸ்இ/30 இருந்தது, 1989 மாடல். ஓடுகிறதே, எதற்குக் கை வைக்க வேண்டும் என்று நானும் மூன்று வருடம் சும்மா விட்டுவைத்தேன். முதலில் சத்தம் குறைந்தது. ஸ்பீக்கர் பழசாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் ஒருநாள் திரை முழுக்கப் பட்டை பட்டையாகக் கோடுகள். திறந்து பார்த்தால், போர்டின் மேல் ஒட்டியிருக்கும் குட்டி வெள்ளி டப்பா கெபாசிட்டர்களைச் சுற்றி எண்ணெய் தடவியது போல ஒரு பிசுபிசுப்பு. சாலிடரின் மினுக்கம் போய்ச் சாம்பல் பூத்திருந்தது. அயர்னை வைத்ததும் மீன் நாற்றம். உள்ளே இருக்க வேண்டிய திரவம் போர்டில் பரவிக் கிடக்கிறது என்பதற்கு அந்த நாற்றமே சாட்சி. டிராக் என்கிற, போர்டில் பதித்த செம்புக் கோடு ஒன்றை நகத்தால் லேசாகத் தொட்டேன், பொடியாக வந்தது. பதினோரு இடத்தில் மெல்லிய கம்பி இழுத்து ஒட்டித்தான் அந்த போர்டைக் காப்பாற்றினேன்.

சத்தம் குறைந்த அன்றே மாற்றியிருந்தால் ஒரு மாலை நேர வேலை. இப்படி உள்ளே திரவம் உள்ள எலெக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டரின் தயாரிப்புக் குறிப்பிலேயே 2000 மணி நேரம் என்று ஆயுள் போட்டிருக்கும். நாம் பேசுவது முப்பது, நாற்பது வருடத்துச் சரக்கு.

துளைஅட்டை

ஈயக்கம்பி தம்பி சொன்ன கதை உண்மை. ஆனால் அது எஸ்இ/30 கதை. அதைக் கொண்டுபோய்க் கமடோர் 64 மேல் வைப்பது தவறு.

அந்த 2000 மணி நேரம் எந்தச் சூட்டில் என்று பாருங்கள். 85 டிகிரியிலோ 105 டிகிரியிலோ விடாமல் ஓடினால் 2000 மணி. பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது இந்தத் தொழிலில் எல்லோரும் வைத்துக்கொள்ளும் கணக்கு. 85 டிகிரி கெபாசிட்டர் 45 டிகிரியில் ஓடினால் 32,000 மணி நேரம் வரும். தினமும் இரண்டு மணி நேரம் போட்டால்கூட நாற்பது வருடத்தைத் தாண்டுகிறது. கமடோரில் இருப்பவை காலை போர்டின் துளைக்குள் விட்டுச் சாலிடர் செய்த பழைய வகை. பலவற்றைக் கழற்றி மீட்டரில் வைத்துப் பார்த்திருக்கிறேன். கொள்ளளவும் சரியாக இருக்கும், உள்தடையான இ.எஸ்.ஆரும் சரியாக இருக்கும். நல்லதைப் பிடுங்கிப் போட்டுவிட்டோமே என்று வருத்தமாக இருக்கும்.

என்னிடம் பழுதுக்கு வருகிற போர்டுகளில் நான் அதிகம் பார்ப்பது வயதின் சேதத்தை அல்ல, மாற்றப் போனவர் செய்த சேதத்தை. கிரவுண்டோடு சேர்ந்த கால் சூட்டையெல்லாம் இழுத்துக்கொள்ளும், சாலிடர் உருகாது. பொறுமை இழந்து இழுப்பார்கள், துளையின் உள்பூச்சும் காலோடு சேர்ந்து வந்துவிடும். அப்புறம் அந்த இணைப்பு போர்டின் மேல் பக்கம் சேர்கிறதா இல்லையா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். இன்னொன்று, எலெக்ட்ரோலிட்டிக்கில் கோடு போட்ட பக்கம் மைனஸ், டான்டலம் என்ற இன்னொரு வகையில் கோடு போட்ட பக்கம் பிளஸ். இரண்டும் ஒன்றுதான் என்று எண்ணித் திருப்பி வைத்து, டான்டலம் தீப்பிடித்துக் கருகிய போர்டும் என் மேசைக்கு வந்திருக்கிறது.

மின்மினி, உங்கள் கமடோருக்கு உண்மையான ஆபத்து வெளியில் இருக்கிறது, அந்தப் பவர் சப்ளை டப்பாவில். வோல்டேஜைச் சீராக வைக்கும் ரெகுலேட்டரை எப்பாக்சி என்ற கெட்டிப் பசைக்குள் புதைத்து மூடியிருப்பார்கள், சூடு வெளியேற வழியே கிடையாது. அது சாகும்போது வோல்டேஜ் குறைவதில்லை, ஏறுகிறது. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஆறு, ஏழு என்று ஏறி, ராம் சிப்புகளைக் கொன்றுவிடும். போர்டில் உள்ள கெபாசிட்டர் அத்தனையையும் மாற்றினாலும் இதைத் தடுக்க முடியாது. மீட்டரை வைத்து அளந்து பாருங்கள். 5.25-ஐத் தாண்டினால் அந்த டப்பாவை ஓரம் கட்டிவிடுங்கள்.

நீலத்திரை

ஒரு விஷயத்தை இடையில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் உதவும். பிபிசி மைக்ரோ, ஆப்பிள் II வைத்திருப்பவர்கள் பவர் சப்ளைக்குள் ரீஃபா என்று எழுதிய கெபாசிட்டர் இருக்கிறதா என்று பாருங்கள். தேன் நிறத்தில், பாதி ஒளி ஊடுருவுவது போல இருக்கும். நேராக மெயின் கரன்டில் நிற்பது அது. காலப்போக்கில் மேல்பூச்சில் மயிரிழை போல வெடிப்பு விழும், அந்த வெடிப்பு வழியாக உள்ளே உள்ள காகிதம் ஈரத்தைக் குடிக்கும். அப்புறம் ஒருநாள் சுவிட்சைப் போட்டுக் கொஞ்ச நேரத்தில் படபடவென்று சத்தம், அறை முழுக்கப் புகை. எனக்கு நடந்தபோது ஜன்னல்களைத் திறந்து வைத்தும் அந்த நெடி இரண்டு நாள் போகவில்லை. இதில் துளைஅட்டை ஐயா சொல்வது போல அளந்து பார்க்கிற வேலையே வேண்டாம். வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிட வேண்டும். எக்ஸ்2 என்று குறித்த பாதுகாப்பு வகை மட்டுமே போட வேண்டும், சாதாரண கெபாசிட்டர் கூடாது.

ஈயக்கம்பி

ஐயா, உங்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் இரண்டு இடத்தில் உடன்பட முடியவில்லை.

முதலாவது, நீங்கள் போட்ட மணிக்கணக்கு. கெபாசிட்டர் ஓடும்போது உள்ளே உள்ள திரவம் மெல்ல வற்றுகிறதே, அதற்கு மட்டும்தான் அந்தக் கணக்கு செல்லும். என் எஸ்இ/30 ஓடித் தேயவில்லை. 80-களின் கடைசியிலும் 90-களின் தொடக்கத்திலும் வந்த போர்டு மேல் ஒட்டும் வகையில், அந்தத் திரவமே காலடியில் உள்ள ரப்பர் அடைப்பை அரித்துக்கொண்டு வெளியே வந்தது. சுவிட்சே போடாமல் அலமாரியில் வைத்திருந்தாலும் அது நடக்கும். அமிகா 600, 1200 வைத்திருப்பவர்களைக் கேளுங்கள்.

இரண்டாவது, பவர் சப்ளை. இன்று அளந்தால் 5.1 வரும். நாளை அரை மணி நேரம் சூடான பிறகு 7 வரும். நல்ல நிலையில் இருக்கும்போது எடுத்த அளவை நம்பி அதே டப்பாவில் ஓட்டச் சொல்கிறீர்களா? அல்லது ஓடுகிற சப்ளையையே தூக்கிப்போடச் சொல்கிறீர்களா? இரண்டாவதுதான் என்றால், பழுதாகும் முன் மாற்று என்று நான் சொல்வதைத்தான் நீங்களும் சொல்கிறீர்கள்.

துளைஅட்டை

இந்தக் கேள்வி நியாயமானது. ஆம், கமடோரின் அந்த டப்பாவை நல்ல நிலையில் இருந்தாலும் மாற்றத்தான் சொல்வேன். அளந்து பார் என்று மட்டும் எழுதியது குறைதான். சூடான பிறகு, மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன வருகிறது என்பதுதான் கணக்கு. அப்போதும் அடுத்த நாளுக்கு உத்தரவாதம் இல்லை.

நான் பிரித்துப் பார்ப்பது இதை வைத்துத்தான்: ஒரு பாகம் சாகும்போது தனியாகச் சாகிறதா, பக்கத்தில் இருப்பதையும் இழுத்துக்கொண்டு சாகிறதா? கமடோர் சப்ளை ராமைக் கொல்லும். எஸ்இ/30-இன் குட்டி டப்பாக்கள் டிராக்கைத் தின்னும். நீலத்திரை சொன்ன ரீஃபா புகையைக் கக்கும். இவற்றுக்குக் காத்திருக்கக் கூடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கமடோர் போர்டில் ஒரு ஃபில்டர் கெபாசிட்டர் வற்றினால் என்ன ஆகும்? படத்தில் லேசான அலை தெரியும், ஒலியில் ஒரு இரைச்சல் வரும். அன்றைக்கு அந்த ஒன்றை மாற்றினால் போதும்.

இன்னொன்றும் இருக்கிறது. நீங்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள், எனக்கு இது முக்கியம். ஒரு 1983 போர்டில் ஐசி என்கிற சிப்பின் முதுகில் எந்த வாரம் தயாரானது என்ற எண் இருக்கும். பாகங்களின் எண்களைச் சேர்த்துப் படித்தால் அந்த மெஷின் எப்போது, எந்தச் சரக்கை வைத்துக் கட்டப்பட்டது என்று தெரியும். இங்கிலாந்தில் பிளெட்ச்லி பார்க்கில் உள்ள கணினி அருங்காட்சியகத்தில் ஹார்வெல் டெகாட்ரான் என்ற 1951-ஆம் ஆண்டு இயந்திரத்தை 2012-இல் மறுபடி ஓட வைத்தார்கள். அது அதே பழைய இயந்திரம், நகல் இல்லை என்பதால்தான் அதன் முன்னால் நிற்கும்போது மனசு நிற்கிறது. நம் மேசையில் இருப்பது சின்னது. ஆனாலும் காரணமில்லாமல் எடுத்துப்போட்ட ஒவ்வொரு பாகமும் திரும்பி வராது.

காந்தத்தட்டு

நீங்கள் இருவரும் போர்டைப் பற்றியே பேசுகிறீர்கள். முதல் பதிவில் மின்மினி "ஒரு பெட்டி நிறைய டிஸ்க்குகள்" என்று எழுதியிருக்கிறார். யாரும் அதைத் தொடவில்லை!

கமடோர் 64 லட்சக்கணக்கில் விற்றது. ஒன்று செத்தால் இன்னொன்று கிடைக்கும். அவருடைய சித்தப்பா எழுதிய புரோகிராம் அந்தப் பெட்டியில் இருந்தால், அதற்கு இன்னொரு பிரதி உலகத்தில் எங்கும் இல்லை. காந்தப் பூச்சு உதிரலாம், பூசணம் பிடித்திருக்கலாம். பழைய டிரைவில் போட்டு அழுக்கு ஹெட் ஒரு சுற்றுச் சுரண்டினால் போனது போனதுதான். ஆண்டி வார்ஹோல் 1985-இல் அமிகாவில் வரைந்த படங்கள் பிளாப்பிகளிலிருந்து மீண்டு வந்த செய்தி 2014-இல் வெளியானது. காந்த மாற்றங்களை அப்படியே பதிவு செய்யும் கருவியை வைத்து முதலில் டிஸ்க்கைப் பிரதி எடுத்தார்கள், அப்புறம்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்தார்கள். கிரீஸ்வீசில், கிரையோஃபிளக்ஸ் போன்ற கருவிகள் அந்த வேலையைத்தான் செய்கின்றன. பிரதி கையில் வந்துவிட்டால், பழைய மெஷினைப் போலவே நடக்கும் புரோகிராமான எமுலேட்டரிலேயே ஓட்டிப் பார்க்கலாம். மெஷினை உயிரோடு வைத்திருக்க இவ்வளவு பாடு தேவையா என்றுகூடக் கேட்பேன்.

துளைஅட்டை

டிஸ்க் விஷயத்தில் நூற்றுக்கு நூறு சரி. நான் சொல்ல மறந்தது என் தவறு. மின்மினி, அந்தப் பெட்டியில் உள்ள டிஸ்க்குகளை எந்த டிரைவிலும் போடாதீர்கள்.

ஆனால் கடைசி வரிக்கு ஒப்ப மாட்டேன். எமுலேட்டர் வானத்திலிருந்து விழவில்லை. யாரோ உண்மையான மெஷினில் புரோபை வைத்து, ஒவ்வொரு கிளாக் துடிப்பாக அளந்து எழுதியது அது. கமடோரின் ஒலி ஐசி 6581-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஃபில்டர் ஒரு சிப்புக்கும் அடுத்த சிப்புக்கும் மாறும், ஒரே பாட்டு இரண்டு மெஷினில் இரண்டு விதமாக ஒலிக்கும். அப்படியானால் எமுலேட்டர் எதை நகலெடுப்பது? ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள சிப்புகள் வேண்டும், அதுவும் ஒன்றுக்கு மேல் வேண்டும். புதிதாகவும் யாரும் செய்து தரப்போவதில்லை. 1976-இல் வந்த ஸீ80 பிராசஸரின் தனிச் சிப்புக்குக்கூட 2024-இல் புது ஆர்டர் வாங்குவதை நிறுத்திவிட்டார்கள்.

காந்தத்தட்டு

அளந்து எழுதுகிறவர்களுக்கு மெஷின் தேவை, அதை மறுக்கவில்லை. வீட்டுக்கு வீடு தேவை என்பதைத்தான் ஏற்க முடியவில்லை. சரி, அதற்குத் தனியாக ஒரு இழை தொடங்குகிறேன், இங்கே மின்மினியின் கேள்வியை மூடிவிடக் கூடாது.

ஈயக்கம்பி

மின்மினி, விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். அமிகா 500 பிளஸ்ஸை இன்றைக்கே திறங்கள். அதன் போர்டில் கடிகாரத்துக்காக நிக்கல் காட்மியம் பேட்டரி ஒன்று இருக்கும். இதில் ஐயாவும் நானும் ஒரே கட்சியாகத்தான் இருப்போம்.

மின்மினி

திறந்தேன். படம் போடத் தெரியவில்லை, எழுத்திலேயே சொல்கிறேன். பேட்டரியின் ஒரு முனையில் நீலப் பச்சையாக உப்புப் பூத்திருக்கிறது. பக்கத்தில் இருந்த ஐசியின் நான்கு கால்கள் பச்சையாகிவிட்டன. அந்த இடத்தில் போர்டின் பச்சைப் பூச்சு கொப்புளம் போல எழும்பி நிற்கிறது. கமடோர் போர்டையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன், எல்லாம் சுத்தமாக இருக்கிறது, கசிவு எங்கும் இல்லை.

ஈயக்கம்பி

பேட்டரியை முதலில் காலோடு வெட்டி எடுத்துவிடுங்கள், சாலிடரை உருக்கிக்கொண்டு நிற்க வேண்டாம். வந்திருப்பது காரம். வினிகரைப் பஞ்சில் தொட்டு அந்த இடத்தில் மட்டும் வையுங்கள், லேசாக நுரைக்கலாம், பயப்பட வேண்டாம். அப்புறம் தண்ணீரால் கழுவி, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். வினிகரைக் கழுவாமல் விட்டால் அதுவே அரிக்கும். கொப்புளத்தைச் சுரண்டி எடுத்துச் செம்பு தெரிகிறதா பாருங்கள். கறுப்பாகத் தெரிந்தால் பளிச்சென்று வரும்வரை தேய்த்துச் சாலிடர் பூசுங்கள். ஒவ்வொரு டிராக்கையும் இந்த முனை முதல் அந்த முனை வரை மீட்டரில் வைத்து பீப் வருகிறதா என்று பார்க்காமல் கரன்ட் கொடுக்காதீர்கள்.

துளைஅட்டை

ஒரு வார்த்தை சேர்க்கிறேன். ஐசி கால் பச்சையானால் சாக்கெட்டின் உள்ளேயும் பச்சை ஏறியிருக்கும். வெளியே துடைத்துவிட்டு உள்ளே விட்டுவிடாதீர்கள், சாக்கெட்டையே மாற்றுங்கள். இதில் பழசைக் காப்பாற்றச் சொல்ல மாட்டேன்.

மின்மினி

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். அமிகாவில் இரண்டு டிராக் அறுந்திருந்தது, கம்பி ஒட்டினேன். சாக்கெட் ஒன்றை மாற்றினேன். நேற்று இரவு சுவிட்சைப் போட்டதும், டிஸ்க்கைப் போடச் சொல்லும் அந்தப் படம் அசைந்து அசைந்து வந்தது. சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், ரொம்ப நேரம் பேசாமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

கமடோருக்கு புதுப் பவர் சப்ளை வாங்கிவிட்டேன், பழையது பெட்டிக்குள் போய்விட்டது. கமடோர் போர்டில் கெபாசிட்டர் எதையும் தொடவில்லை. கிரீஸ்வீசில் இன்னும் வரவில்லை, வரும்வரை டிஸ்க்குகள் மூடியே இருக்கும்.

ஈயக்கம்பி

அமிகா எழுந்ததில் ரொம்ப சந்தோஷம். கமடோர் விஷயத்தில் எனக்கு இன்னும் சமாதானம் இல்லை. திறந்து வைத்திருக்கும்போதே போர்டை நல்ல வெளிச்சத்தில் கிட்டத்தில் படம் எடுத்து வையுங்கள். அடுத்த வருடம் திறந்து அதே படத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு கெபாசிட்டரின் காலடி கறுத்திருந்தாலும் இங்கே வந்து சொல்லுங்கள்.

துளைஅட்டை

ஒப்பிடும்போது என்னையும் கூப்பிடுங்கள்.