திசு இரவலா, திசு ஈவா?

வணக்கம்.

அரும்பொருளகம் ஆய்வாளருக்குத் திசுத் துண்டு தருவதை ஆங்கிலத்தில் ‘டிஷ்யூ லோன்’ என்கிறார்கள். அதற்கு நம் கலைச்சொல் பட்டியலில் ‘திசு இரவல்’ என்று இருக்கிறது. அதை மாற்றவேண்டும். இரவல் என்றால் திரும்பி வரவேண்டும். சிங்கப்பூரின் லீ கொங் சியான் இயற்கை வரலாற்று அரும்பொருளகத்தில் புட்டியிலுள்ள நண்டை இரவல் தந்தால், அளந்து படமெடுத்துத் திருப்பிவிடுவார்கள். அதன் காலிலிருந்து வெட்டிய அரிசிமணியளவு தசையோ டி.என்.ஏ. பிரிக்கையில் நொதியில் கரைந்துபோகும்.

‘திசு ஈவு’ என்கிறேன். வகுத்தலில் வரும் ஈவு, ஈதல் இரண்டும் அதில் உண்டு. வகுப்பதுதான் இங்கே வேலையே. மைனஸ் 80 பாகை செல்சியஸில் இருக்கும் மூலக்குழலின் திசுவை உருகவிடாமல், உலர்பனிமேல் வைத்தே வெட்டவேண்டும். உருகி உறையும் ஒவ்வொரு முறையும் டி.என்.ஏ. துண்டுபடும். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையே இடுக்கியைச் சலவைத் திரவத்தில் (ப்ளீச்) முக்கிக் கழுவாவிட்டால், தவளையின் குழலில் பல்லியின் டி.என்.ஏ. வரிசை வரும். வெட்டியதை 95 விழுக்காடு எத்தனாலில் இடுங்கள்; திசு ஒரு பங்கு என்றால் எத்தனால் பத்துப் பங்காவது வேண்டும். புதுத் திசுவானால் மறுநாளே எத்தனாலை மாற்றுங்கள், திசுவின் நீர் அதை நீர்க்கச் செய்துவிடும். விமானத்தில் அனுப்ப, பன்னாட்டு விமானப் போக்குவரத்துச் சங்கமான ஐயாட்டாவின் ஏ180 விதிப்படி ஒரு குழலில் 30 மில்லிலிட்டருக்கும், ஒரு பொதியில் ஒரு லிட்டருக்கும் மேல் எத்தனால் கூடாது.

—

ஐயா, வணக்கம்.

‘ஈவு’ நல்ல சொல். ஆனால் கொடை என்று படித்துவிடுவார்கள், அது அனுமதித்தாளில் சிக்கலாகும். எறும்புதின்னியான சுண்டா அழுங்கு, அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் முதல் பிற்சேர்க்கையில் இருப்பது. பதிவுபெற்ற அறிவியல் நிறுவனங்களுக்கு இடையிலான சலுகையை அந்த ஒப்பந்தத்தின் 7ஆம் விதி ‘கடன், கொடை, பரிமாற்றம்’ என்று பிரித்தே சொல்கிறது. சிங்கப்பூரில் அதற்கான அதிகாரம் தேசியப் பூங்காக் கழகத்திடம். அது ஏற்ற சீட்டு பொதியில் இல்லையென்றால் பொதி சுங்கத்தில் நிற்கும், உலர்பனி ஆவியாகிவிடும்.

கொடையில் உரிமை கைமாறும். திசு ஒப்பந்தங்களோ பெரும்பாலும் மூன்றாமவருக்குத் தருவதையும் வணிகப் பயனையும் தடுப்பவை. ஆகவே ‘ஆய்வு ஈவு’ என்போம். பிரித்தெடுத்து எஞ்சிய டி.என்.ஏ.வுக்கு ‘மீதி’ பொருந்தும். திருப்பிக் கேட்கவேண்டியது அதைத்தான்.

இன்னொன்று: ஈவுக்குழல் ஒவ்வொன்றிலும் சான்று மாதிரியின், அதாவது திசு வெட்டப்பட்டு அரும்பொருளகத்தில் இருக்கும் உடலின், பதிவெண்ணை எழுதவேண்டும், பென்சிலால். எத்தனால் பட்டால் பேனா மை அழிந்துவிடும். எண் போனால், ஜென்பேங்க் என்ற பொதுத் தரவுத்தளத்தில் ஏறும் டி.என்.ஏ. வரிசை எந்த உடலுடையது என்று யாராலும் சரிபார்க்க முடியாது.

பட்டியலில் ‘திசு இரவல்’ நீக்கி, ‘ஆய்வு ஈவு’, ‘மீதி’ சேர்க்க என் இசைவு. முழு உடலுக்கு ‘இரவல்’ அப்படியே இருக்கட்டும்.