சுமக்கும் பிள்ளையோடு ஜோகன்னஸ்பர்க் பயணம்: வழி சொல்லுங்கள்

சகோதரிகளுக்கு வணக்கம். டர்பன், சாட்ஸ்வொர்த்தில் வசிக்கும் நான் என் அண்ணன் அண்ணியின் கருவைச் சுமக்கிறேன். இப்போது 27 வாரம். 'வாடகைத்தாய்' என்ற சொல் எனக்கு ஒப்பவில்லை. செலவையும் இழந்த வருமானத்தையும் ஈடுகட்டுவதற்கு மேல் பணம் வாங்க 2005ஆம் ஆண்டின் குழந்தைகள் சட்டம் இடம் தராது, நானும் கேட்கவில்லை.

அடுத்த வாரம் ஜோகன்னஸ்பர்க்கில் மாமாவின் அறுபதாம் கல்யாணம். காரில் ஏறக்குறைய 570 கிலோமீட்டர். அசையாமல் உட்கார்ந்தால் காலில் இரத்தம் உறையும் அபாயம் கர்ப்பிணிகளுக்கு அதிகம் என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதாகவும், இருக்கைப் பட்டையை வயிற்றுக்குக் கீழே இடுப்பெலும்பின்மேல் படியுமாறு அணிவதாகவும் அண்ணியிடம் உறுதி கூறியிருக்கிறேன். நேற்று அப்படிக் கட்டிப் பார்த்தபோது குழந்தை உதைத்தது. அண்ணி அங்கே கை வைத்தபடி நெடுநேரம் பேசவேயில்லை.

விமானம் என்றால், 28 வாரம் ஆகிவிடுவதால் மருத்துவரின் சான்று கேட்பார்கள், அதை வாங்கிவிடலாம். என் கவலை வேறு. வழியில் வலி கண்டுவிட்டால், பிறந்த கணத்திலிருந்தே குழந்தை அண்ணன் அண்ணியுடையது என்று சட்டம் சொல்வதை, முன்பின் அறியாத மருத்துவமனையில் எந்தத் தாளைக் காட்டி விளக்குவது? உயர் நீதிமன்றம் உறுதிசெய்த ஒப்பந்தத்தின் சான்றிட்ட நகல் போதுமா, அண்ணியும் என்னுடனேயே வரவேண்டுமா? இந்நிலையில் பயணம் செய்தவர்களும், பிரசவ அறையில் பணிபுரியும் தாதியரும் அன்புகூர்ந்து எழுதுங்கள்.