1.5-ன்னு ஒரு சிப்பே கிடையாது!

பழைய_பிளான்ட்:
நேத்து ராத்திரி ஃபோர்டு ஈகோஸ்போர்ட் வாட்ஸாப் குரூப்ல ஒருத்தர் எழுதினதைப் படிச்சதுல இருந்து மனசு ஆறல. "ஸ்கேனர் வாங்குறவங்க வி1.5-ன்னு போட்ட ஒரிஜினல் இஎல்எம்327 மட்டும் வாங்குங்க, வி2.1 எல்லாம் டூப்ளிகேட்." கீழ வரிசையா கட்டைவிரல். ஒருத்தர் கூட ஏன்னு கேக்கல.

இஎல்எம்327-ங்கறது கனடாவுல எல்ம் எலக்ட்ரானிக்ஸ்ன்னு ஒரு கம்பெனி போட்ட சிப், வண்டியோட பழுதைப் படிக்கற ஸ்கேனருக்குள்ள இருக்கறது. அவங்க விட்ட வரிசை 1.0, 1.1, 1.2, 1.3, 1.4. அதுக்கப்புறம் நேரா 2.0. நடுவுல 1.5 எங்க வந்தது? வரவே இல்ல. முதல் 1.0 சிப்புல காப்பி எடுக்க முடியாதபடி பூட்டுப் போடாம விட்டுட்டாங்க. அதை உருவினவங்க இஷ்டத்துக்கு நம்பர் வச்சு வித்தாங்க. 1.5-ன்னு ஸ்டிக்கர் இருந்தாலே அது டூப்ளிகேட். அதையே "ஒரிஜினல்"னு நாலு பேருக்குச் சொல்லிக் குடுக்கறாங்க.

மறைமலைநகர் ஃபோர்டு பிளான்ட்ல ஒன்பது வருஷம் நின்னவன் நான். இந்த வண்டியைப் பத்தித் தப்பா எழுதினா எனக்குப் பொறுக்காது.

ஸ்பேனர்_கோவை:
அந்த மெசேஜ் போட்டது நாந்தானுங்க. கேக்கறதா இருந்தா குரூப்லயே கேட்டிருக்கலாமுங்க, இங்க வந்து தனியா மேடை போட வேண்டியதில்ல.

ஆறு வருசமா என் பட்டறையில ஓடறது அந்த 1.5 தானுங்க. பிரிச்சுப் பார்த்தேன், உள்ள பிக்18எஃப்25கே80 சிப், 28 காலு, பேரு தெளிவா அச்சடிச்சிருக்கு. அப்புறம் ஒரு 2.1 வாங்கிப் பிரிச்சேன். தார் உருண்டை மாதிரி கருப்பா ஒரு சொட்டு, அவ்வளவுதான், சிப்பு பேரே கிடையாது. ஃபோர்ஸ்கேன்ல (ஃபோர்டு வண்டியைப் பார்க்கற ஆப்) போட்டா பாதியில கையை விட்டுரும். வேலை செய்யறது எதுவோ அதுதானுங்க ஒரிஜினலு.

பழைய_பிளான்ட்:
வேலை செய்யறது ஒரிஜினல்னா, ஓடற கள்ளச்சாவியும் ஒரிஜினல் சாவிதானா? எல்ம் கம்பெனி 1.5 விடல. விட்டிருந்தா காட்டுங்க.

நெல்லை_ஈகோ:
அண்ணாச்சி ரெண்டு பேருக்கும் வணக்கம். என்கிட்ட 2018 ஈகோஸ்போர்ட் டீசல் இருக்கு. எஞ்சின் லைட் எரியுது, வண்டி இழுவை குறையல. ஒரு கராஜ்ல மிசினை மாட்டிப் பார்க்க மட்டும் 1,200 ரூவா கேக்காங்க. நானே ஒண்ணு வாங்கிக்கிடலாம்னு நெனைக்கேன். எது வாங்க? போன் ஐபோன்.

கேன்_பஸ்:
நெல்லை நண்பருக்கு. ஐபோன்னா சாதாரண ப்ளூடூத் டாங்கிள் (வண்டியில சொருகற குட்டி ஸ்கேனர்) வேண்டாம். மலிவான டாங்கிள்ல இருக்கற பழைய வகை ப்ளூடூத்தோட ஐபோன் பேசாது. வைஃபை டாங்கிள், இல்ல பிஎல்இ-ங்கற புது வகை ப்ளூடூத் வேணும். லேப்டாப் இருந்தா யுஎஸ்பி கேபிள் எடுங்க, அதுதான் நிம்மதி.

இன்னொண்ணு முக்கியம். ஃபோர்டு வண்டியில ரெண்டு கேன் லைன் (வண்டிக்குள்ள இருக்கற கம்ப்யூட்டருங்க பேசிக்கற கம்பி) ஸ்கேனர் மாட்டற 16 பின் சாக்கெட்டுக்கு வருது. 6, 14-வது பின்ல எச்எஸ்-கேன், வேகம் 500 கேபிபிஎஸ். எஞ்சின், ஏபிஎஸ் எல்லாம் அங்க. 3, 11-வது பின்ல எம்எஸ்-கேன், 125 கேபிபிஎஸ். ஆடியோ பக்கச் சமாச்சாரங்கள் அங்க. சாதா டாங்கிளுக்கு 6, 14 மட்டும்தான் தெரியும். ரெண்டையும் படிக்கணும்னா சுவிட்ச் வச்ச கேபிள் வேணும், இல்லைன்னா ஓபிடிலிங்க் இஎக்ஸ், விலிங்கர் எஃப்எஸ் மாதிரி தானா மாறிக்கற கருவி வேணும். ஸ்டிக்கர்ல என்ன நம்பர்ங்கறதை விட இதுதான் கவனிக்க வேண்டியது.

பழைய_பிளான்ட்:
கேன்_பஸ் சொன்னது அத்தனையும் சரி. ஆனா "ஸ்டிக்கர் நம்பர் முக்கியமில்ல"ன்னு வழுக்கிட்டுப் போகாதீங்க. இந்த இழையைத் தொடங்கினதே அந்த நம்பருக்காகத்தான். 1.5 கிடையாது.

ஸ்பேனர்_கோவை:
கிடையாதுன்னா என் கையில இருக்கறது என்னங்க? காத்தா?

கேன்_பஸ்:
ரெண்டு பேரும் "ஒரிஜினல்"னு ஆளுக்கொரு அர்த்தத்துல பேசறீங்க. எல்ம் கம்பெனி சிப்பைத்தான் வித்தது, முழு டாங்கிளை இல்ல. 2022-ல கம்பெனியையே மூடிட்டாங்க. இன்னைக்கு கடைக்குப் போய் "ஒரிஜினல் இஎல்எம் குடு"ன்னா யார் தருவா? இதுக்கு யாராவது பதில் சொல்லுங்க.

பழைய_பிளான்ட்:
கம்பெனி மூடினா வரலாறு மாறிடுமா? எங்க பிளான்ட்டும்தான் மூடினாங்க. 2021 செப்டம்பர்ல அறிவிச்சாங்க. அதுக்காக அங்க செஞ்ச ஈகோஸ்போர்ட் ஈகோஸ்போர்ட் இல்லைன்னு ஆயிடுமா? மூடினதுக்கு முன்னாடியும் 1.5 இல்ல, அப்புறமும் இல்ல.

ஸ்பேனர்_கோவை:
பிளான்ட்ல கதவு மாட்டினவருக்கு ஸ்கேனர் பத்தி என்னங்க தெரியும்? வண்டி உருட்டி வெளிய வந்ததுக்கப்புறம் எட்டு வருசம் பத்து வருசம் அதைக் காப்பாத்தறது எங்களை மாதிரி ஆளுங்க. நீங்க புது வண்டியைத்தான் பார்த்திருப்பீங்க. நாங்க ஒண்ணரை லட்சம் கிலோமீட்டர் ஓடினதைப் பார்க்கறோம்.

பழைய_பிளான்ட்:
கதவு இல்ல. லைன் கடைசியில செக்கிங். ஒவ்வொரு வண்டியிலயும் ஸ்டீயரிங்குக்குக் கீழ குனிஞ்சு, இடது கையால தடவி அந்த 16 பின் சாக்கெட்டைப் பிடிச்சுக் கேபிள் மாட்டுவோம். கண்ணை மூடிட்டு மாட்டுவேன். இன்னைக்கும் அந்த சாக்கெட்டைத் தொட்டா எந்தப் பக்கம் அகலம்னு விரலுக்குத் தெரியும். நீங்க பட்டறையில 650 ரூபா டாங்கிளை வச்சுக்கிட்டு என்கிட்ட "என்ன தெரியும்"னு கேக்கறீங்க.

நாங்க அங்க வச்சிருந்தது கம்பெனிக் கருவி. பேட்டரி வோல்ட் இறங்கக் கூடாதுன்னு சப்ளை போட்டுட்டுத்தான் மாட்யூல்ல (வண்டிக்குள்ள இருக்கற குட்டிக் கம்ப்யூட்டர்) எழுதுவோம். ப்ளூடூத்ல மாட்யூல் எழுதற ஆளுங்களைப் பார்த்தா வயிறு கலங்குது. பாதி எழுதும்போது லைன் போனா அந்த மாட்யூல் செத்துரும். டூப்ளிகேட்டுல அதைச் செய்யாதீங்கன்னு சொல்லத்தான் இவ்வளவு எழுதறேன். 1.5 டூப்ளிகேட்.

டீசல்காதலன்:
நானும் 1.5 தான் வச்சிருக்கேன், ஒரு வருஷமா வண்டியிலயே சொருகி இருக்கு. ஒரு பிரச்சனையும் இல்ல.

கேன்_பஸ்:
டீசல்காதலன், சொருகியே வைக்காதீங்க. 16-வது பின்ல சாவி எடுத்தாலும் பேட்டரி கரண்ட் இருந்துட்டே இருக்கும். என்னோடதை மல்டிமீட்டர் வச்சுப் பார்த்தேன், 42 மில்லி ஆம்பியர் இழுத்தது. ஒரு நாளைக்கு ஒரு ஆம்பியர்-அவர் போகுது. பத்து நாள் வண்டியை எடுக்காம விட்டா, பழைய பேட்டரின்னா காலையில கிளம்பாது. வோல்ட் குறைஞ்சா பி0562-ன்னு பழுதுக் கோடு வரும், மாட்யூலுங்க ஒண்ணுக்கொண்ணு பேசாம யு-ல ஆரம்பிக்கற கோடுங்க வரிசையா வரும். நீங்க சென்சாரைத் தேடிட்டு இருப்பீங்க.

டீசல்காதலன்:
என் வண்டி தினம் ஓடுது. உங்க அறிவுரையைக் கேக்கல.

யாழ்_அக்குவா:
உங்கட சண்டைக்குள்ள நான் ஒண்டு கேக்கலாமோ? என்னட்ட ஜப்பான் இறக்குமதி டொயோட்டா அக்குவா ஹைபிரிட் நிக்குது. பற்றரி புளொக் ஒவ்வொண்டா பாக்க வேணும். டொக்டர் பிரியஸ் எண்டு ஒரு அப் இருக்கு. 2.1 ஒண்டு வாங்கி மாட்டினன், சிலவேளை புளொக் வோல்ட்டேஜ் வருது, சிலவேளை எண்ணுக்குப் பதிலா வெறும் கோடு. ஆருக்கும் தெரியுமோ?

ஸ்பேனர்_கோவை:
பாத்தீங்களா! யாழ்ப்பாணத்துலயும் 2.1 காலை வாருது. நான் சொன்னது இதைத்தானுங்க. ஹைபிரிட் பேட்டரி விவரம் நீளமா பல துண்டா வரும், அந்தக் கருப்புச் சொட்டு சிப்பு அதைச் சேர்த்து வாங்கத் திணறும். நல்ல 1.5 போடுங்க அண்ணா, வரும்.

பழைய_பிளான்ட்:
"நல்ல 1.5". இப்ப "ஒரிஜினல்" போய் "நல்ல" ஆயிடுச்சு. எல்லாரும் கவனிச்சுக்குங்க. நேத்து குரூப்ல எழுதினது ஒரிஜினல். இன்னைக்கு நல்லது. நாளைக்கு சுமாரானதுன்னு வருவார்.

யாழ் தம்பி, 2.0-வுக்கு மேல உண்மையான எல்ம் சிப்பும் இருந்துச்சு. 2.1, 2.2, 2.3 எல்லாம் எல்ம் விட்டதுதான். அதனால 2.1-ன்னாலே டூப்ளிகேட்டுன்னு சொல்றதும் அரைகுறை. சந்தையில கிடைக்கற 2.1 ஸ்டிக்கர் பொய், அது வேற. ஆனா 2.1-ங்கற நம்பர் உண்மை. 1.5-ங்கறது நம்பரே பொய்.

ஸ்பேனர்_கோவை:
நம்பர் உண்மை, சாமான் பொய். அந்த உண்மையான நம்பரை வச்சு வண்டிக்கு என்னங்க பண்றது? நம்பர் பொய்யா இருந்தாலும் என்னோடது கோடு படிக்குதுங்க.

நெல்லை_ஈகோ:
அண்ணாச்சி, பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் வைஃபை டாங்கிள் குடுத்தான். மாட்டினேன், செவப்பு லைட் மின்னுது. பி0401-ன்னு காட்டுது. ஈஜிஆர்-னு எழுதியிருக்கு. அழிச்சுப் போடலாமா?

கேன்_பஸ்:
உடனே அழிக்காதீங்க. ஈஜிஆர்ங்கறது புகையில ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்கே அனுப்பற வழி. அது வழியா புகை போதுமான அளவு போகலைன்னு அர்த்தம், டீசல்ல கரி அடைச்சு வர்றது சகஜம். முதல்ல ஃப்ரீஸ் ஃப்ரேமைப் பார்த்து போட்டோ எடுத்து வைங்க. கோடு விழுந்த நேரத்துல எத்தனை ஆர்பிஎம், எஞ்சின் சூடு எவ்வளவுன்னு அதுல இருக்கும். அழிச்சா அதுவும் சேர்ந்து போயிடும். ரெடினெஸ் மானிட்டரும் (வண்டி தன்னைத் தானே சோதிச்சு வச்ச கணக்கு) பூஜ்யத்துக்குப் போகும், திரும்ப முடிய சில நாள் ஓட்டணும்.

ஸ்பேனர்_கோவை:
இதுதானுங்க எங்க பொழப்பு. இவரு அழிக்காதேன்னு சொல்றாரு, நாளைக்கு வண்டி பட்டறைக்கு வரும்போது எல்லாத்தையும் அழிச்சுட்டுத்தான் கொண்டு வருவாங்க. "லைட் எரிஞ்சது, ஆப்ல அணைச்சேன், திரும்ப எரியுது." நாங்க ஒண்ணுமில்லாததுல இருந்து தேடணும். அப்புறம் 1,200 ரூபா கேட்டா கொள்ளைம்பாங்க. மிசினை மாட்டறதுக்கு இல்லைங்க அந்தக் காசு, என்ன பார்க்கணும்னு தெரிஞ்சதுக்கு.

கேன்_பஸ்:
எல்லாப் பட்டறையும் அப்படி இல்ல. போன வருஷம் பழைய வண்டி ஒண்ணு பார்க்கப் போனேன். லைட் எரியல, சுத்தமா இருந்துச்சு. டாங்கிள் மாட்டி "கோடு அழிச்சதுக்கப்புறம் ஓடின தூரம்" பார்த்தேன். 3 கிலோமீட்டர். வித்தவர் மூஞ்சியைப் பார்த்தேன், அவர் பக்கத்துல நின்ன மெக்கானிக் மூஞ்சியையும் பார்த்தேன். சாவியைக் குடுத்துட்டு வந்துட்டேன். ஒவ்வொருத்தர் கையிலயும் ஒரு டாங்கிள் இருக்கணும்னு நான் சொல்றது இதுக்காகத்தான்.

ஸ்பேனர்_கோவை:
ஒருத்தர் பண்ணினா எல்லா மெக்கானிக்கும் திருடனுங்களா? இதை நான் மறக்க மாட்டேனுங்க.

கேன்_பஸ்:
எல்லாரும்னு நான் எழுதவே இல்ல. முதல் வரியைத் திரும்பப் படிங்க.

பழைய_பிளான்ட்:
பேச்சு எங்கயோ போகுது. மெக்கானிக் நல்லவரா கெட்டவராங்கறது தலைப்பு இல்ல. இதுவரைக்கும் ஒருத்தர் கூட 1.5-ஐ எல்ம் விட்டதுக்கு ஆதாரம் காட்டல. அந்த டாங்கிள்ல ஏடிஐ-ன்னு கட்டளை குடுத்தா "இஎல்எம்327 வி1.5"ன்னு பதில் வரும், அதான் ஆதாரம்னு ஒருத்தர் தனிச்செய்தியில அனுப்பியிருக்கார். அது உள்ள எழுதி வச்ச வாக்கியம்ங்க. நாளைக்கு 9.9-ன்னு எழுதினா அதையும் சொல்லும். கட்டளைகளை ஒவ்வொண்ணா குடுத்து எதுக்கு பதில் வருது, எதுக்குக் கேள்விக்குறி வருதுன்னு பார்க்கற ஆப் இருக்கு, அதுல போட்டுப் பாருங்க.

ஸ்பேனர்_கோவை:
போட்டுட்டுத்தான் பேசறேனுங்க. என் 1.5 கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் பதில் சொல்லுது. அந்த 2.1 பாதிக்குக் கேள்விக்குறி. வாங்கறவனுக்கு இதுக்கு மேல என்னங்க வேணும்? உங்க வாதத்தைக் கேட்டு ஒருத்தன் கடையில 1.5-ஐ வச்சுட்டு 2.1-ஐ எடுத்துட்டுப் போனா அந்தப் பாவம் உங்களுக்குத்தான்.

பழைய_பிளான்ட்:
நான் 2.1 வாங்கச் சொன்னேனா? எங்க சொன்னேன்? ஓபிடிலிங்க் வாங்குங்க, விலிங்கர் வாங்குங்க. பத்து மடங்கு விலை ஆகட்டும். 1.5-ஐ ஒரிஜினல்னு சொல்லாதீங்கன்னுதான் சொன்னேன்.

டீசல்காதலன்:
பத்து மடங்கு குடுக்க எல்லார்கிட்டயும் பிளான்ட் செட்டில்மென்ட் பணம் இல்லீங்க.

பழைய_பிளான்ட்:
அந்தப் பணத்தைப் பத்திப் பேச உங்களுக்கு என்ன தகுதி? பிளான்ட் வாசல்ல நின்ன எங்களுக்குத் தெரியும் அது எப்படி வந்ததுன்னு. ஸ்கேனரைப் பத்தி மட்டும் பேசுங்க.

யாழ்_அக்குவா:
சரி அண்ணைமார். நான் வேற இடத்தில கேட்டுப் பாக்கிறன்.

நெல்லை_ஈகோ:
அண்ணாச்சி, ஃப்ரீஸ் ஃப்ரேம் எடுத்துட்டேன். ஆர்பிஎம் 1,840, எஞ்சின் சூடு 88 டிகிரி. ஈஜிஆர் வால்வைக் கழட்டிக் கிளீன் பண்ணினா போதுமா, மாத்தணுமா? அப்புறம், சுவிட்ச் வச்ச கேபிள் ஆர்டர் போடப் போறேன். எச்எஸ்-ல இருந்து எம்எஸ்-க்கு ஸ்கேன் ஓடிக்கிட்டு இருக்கும்போதே தட்டலாமா?

ஸ்பேனர்_கோவை:
ஃபோர்ஸ்கேன் திரையில "சுவிட்சை மாத்து"ன்னு கேக்கும், அப்ப மட்டும் தட்டுங்க. ஈஜிஆரை முதல்ல கழட்டிக் கரியை எடுங்க, மாத்தறது அப்புறம். அந்தக் கேபிளும் உள்ள 1.5 தானுங்க, தெரிஞ்சே வாங்குங்க. நல்லா ஓடும்.

பழைய_பிளான்ட்:
1.5-ன்னு எழுதியிருக்கும். 1.5 இல்ல. நாளைக்குக் காலையில என்கிட்ட இருக்கற மூணு டாங்கிளையும் பிரிச்சு, சிப்பு பேரு தெரியற மாதிரி போட்டோ போடறேன். அதுக்கப்புறமும் யாராவது ஒரிஜினல்னு எழுதினா குரூப்லயும் வந்து கேப்பேன்.

ஸ்பேனர்_கோவை:
வாங்க. அந்த மூணுல எதுங்க வேலை செய்யுதுன்னும் சேர்த்துப் போடுங்க.