லெந்து நாட்களில் மாற்கு சுவிசேஷம் முழுவதையும் சபையாக வாசிக்க: எப்படிப் பிரிப்பது?

சேகரக் கமிட்டி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்களுடையது கிராமத்துச் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. வருகிற லெந்துவில் (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள் நோன்புக்காலம்) வெள்ளிக்கிழமைக் கூடுகைகளில் பிரசங்கத்துக்குப் பதிலாக மாற்குவை முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க எங்கள் போதகர் ஐயர் சம்மதித்துவிட்டார். வாரம் மூன்று அதிகாரம், ஆளுக்கு ஒரு வசனம் என்று போட்டிருக்கிறோம். சரிவராது என்கிறார்கள் சிலர். பெரியவர்கள் பலருக்கு வாசிக்கத் தெரியாது. பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வு வேறு. வழி சொல்லுங்கள்.

வேதபாட வாத்தியார்:
அதிகாரக் கணக்கை விட்டுவிடுங்கள், சகோதரரே. உங்கள் திட்டப்படி 13-15 வரும் வாரம் 156 வசனம், கடைசி வாரம் வெறும் 20. அதிகாரப் பிரிவே 13-ம் நூற்றாண்டில் வந்ததுதான், கதை அங்கே நிற்காது. 9:1-ஐப் பாருங்கள், 8-ம் அதிகாரத்துப் பேச்சின் கடைசி வரி அது.

இப்படிப் பிரியுங்கள்: 1:1-3:6 (79 வசனம்), 3:7-6:6 (119), 6:7-8:21 (108), 8:22-10:52 (119), 11-13 (114). ஐந்து வெள்ளிக்கு ஐந்து பகுதி. பெரிய வெள்ளிக்கு முன் ஆறு வெள்ளி வரும், ஒன்று கைவசம் இருக்கட்டும். 14-16 ஈஸ்டரோடு முடியும் பரிசுத்த வாரத்துக்கு.

நான்காம் பகுதியை மட்டும் எக்காரணத்துக்கும் உடைக்காதீர்கள். பெத்சாயிதா குருடனில் தொடங்கி பர்திமேயுவில் முடிகிறது. நடுவில் இயேசு தம் பாடுகளை மூன்று முறை முன்னறிவிக்கிறார் (8:31, 9:31, 10:33), மூன்று முறையும் சீஷர்களுக்குப் புரியவில்லை. மூன்றையும் ஒரே மாலையில் கேட்டால்தான் அது உறைக்கும். உங்கள் திட்டத்தில் மூன்றாவது அடுத்த வாரத்துக்குப் போய்விடுகிறது.

ஒரு கதைக்குள் இன்னொன்றைச் செருகுவது மாற்குவின் பழக்கம். யவீருவின் மகள் கதைக்குள் பெரும்பாடுள்ள (இரத்தப்போக்குள்ள) ஸ்திரீ (5:21-43), அத்திமரக் கதைக்குள் தேவாலயச் சம்பவம் (11:12-25). அங்கெல்லாம் வாசிப்பவரை மாற்றவே கூடாது. இயேசு அத்திமரத்தைச் சபிக்கிற 11:14-ல் நிறுத்திப் பாருங்கள், பாவம் அந்த மரம் என்ன செய்தது என்றுதான் சபை கேட்கும்.

ஞாயிறு பள்ளி அக்கா:
ஆளுக்கு ஒரு வசனம் வேண்டவே வேண்டாம், தம்பி. தன் முறை எப்போது வரும் என்று எண்ணுகிறவர் மற்றதைக் கேட்கமாட்டார். தட்டுத்தடுமாறி வாசிக்கிறவர் அடுத்த வாரம் வரவே மாட்டார். மாலைக்கு ஐந்தாறு பேர் போதும், ஆளுக்கு 15 முதல் 25 வசனம். முந்தின ஞாயிறே பகுதியைக் கொடுத்து, வீட்டில் இரண்டு முறை சத்தமாய் வாசித்துவரச் சொல்லுங்கள். பொவனெர்கேஸ், தெக்கப்போலி, தல்மனூத்தா போன்ற பெயர்களை முன்னமே சொல்லிக்கொடுங்கள்.

ஒரே மொழிபெயர்ப்பு முக்கியம். பழைய திருப்புதலில் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பு) இருக்கிற 7:16, 9:44, 9:46, 11:26, 15:28 புதிய மொழிபெயர்ப்புகள் பலவற்றில் அடிக்குறிப்புக்குப் போயிருக்கும். யாராவது "என் பைபிளில் இல்லையே" என்று கிசுகிசுத்தால் அந்த வரிசையே பக்கம் புரட்ட ஆரம்பித்துவிடும். தொடங்குமுன் ஐயர் ஒரு வார்த்தை சொல்லிவிடட்டும். வாசிக்கத் தெரியாதவர்களைப் பற்றிக் கவலை வேண்டாம். எல்லாருமே புத்தகத்தை மூடிவைத்துக் கேட்டால் வித்தியாசமே தெரியாது.

119 வசனத்தை நிதானமாய் வாசிக்க 20-25 நிமிடம் ஆகும். சுவிசேஷத்துக்கு எழுந்து நிற்கிற வழக்கத்தை அன்று விட்டுவிடுங்கள், பெரியவர்கள் கால் தாங்காது. 7 மணிக்குத் தொடங்கி ஒரு பாட்டு, வாசிப்பு, கொஞ்சம் பேச்சு, ஜெபம் என்று 8 மணிக்குள் விட்டால் பரீட்சைப் பிள்ளைகளும் வருவார்கள்.

சேகரக் கமிட்டி:
நன்றி அக்கா, நன்றி ஐயா. அந்தக் "கொஞ்சம் பேச்சு" எப்படி? இரண்டு பேர் பேசியே நேரம் போய்விடுமோ என்று பயம். பரிசுத்த வாரத்தில் எந்த நாளில் எதை வைப்பது?

ஓய்வுபெற்ற உபதேசியார்:
எட்டுப் பத்துப் பேராய் உட்காரவையுங்கள். கேள்வி இரண்டே: இன்று கேட்டதில் எது புதிதாய் இருந்தது? இதில் யார் பயந்தார்கள், எதற்கு? மாற்குவில் பயப்படாத ஆளைத் தேடவேண்டியிருக்கும், அதனால் எந்தப் பகுதிக்கும் பொருந்தும். குழுவை நடத்துகிறவர் பிரசங்கிக்கிற ஆளாய் இருக்கக்கூடாது.

பேச்சு சிக்கும் இடங்கள்: 3:29 (மன்னிப்பில்லாத பாவம்), 10:2-12 (விவாகரத்து), 13-ம் அதிகாரம் (கடைசிக்காலம்). 3:29-ஐக் கேட்டுவிட்டு வீட்டில் தூங்காமல் கிடக்கிறவர்கள் உண்டு. அதற்குப் பதில் 3:30-லேயே இருக்கிறது, அந்த வசனத்தைச் சேர்த்தே வாசித்து, ஐயர் இரண்டு நிமிடம் விளக்கட்டும். விவாகரத்துப் பகுதி வரும் மாலையில் பிரிந்து வாழ்கிறவர்கள் சபையில் உட்கார்ந்திருப்பார்கள் என்பதை நடத்துகிறவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

பரிசுத்த வாரம்: புதன் 14:1-11, வியாழன் இராப்போஜன ஆராதனையில் 14:12-72. பெரிய வெள்ளியின் மூன்று மணிநேர மும்மணி ஆராதனையில் மாற்குவைத் திணிக்காதீர்கள். அங்கே தியானிக்கிற, சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளில் மாற்கு எழுதியிருப்பது ஒன்றே ஒன்று (15:34). 15-ம் அதிகாரத்தைச் சனி மாலை தனியாய் வையுங்கள். அதைக் குரல் பிரித்து வாசிக்கலாம்: கதைசொல்லி, இயேசு, பிலாத்து, மீதிச் சபை முழுதும் ஜனக்கூட்டம். "சிலுவையில் அறையும்" என்று சபையே சொல்லவேண்டிவரும். அதை முன்னமே தெரியப்படுத்துங்கள், சொல்ல மனமில்லாதவர்களைக் கட்டாயப்படுத்தவேண்டாம்.

ஈஸ்டர் அதிகாலையில் 16:1-8. மிகப் பழைய முழுக் கையெழுத்துப் பிரதிகளான சினாய், வத்திக்கான் இரண்டும் 8-ம் வசனத்தோடு முடிகின்றன, ஸ்திரீகள் பயந்து ஓடுவதோடு. அங்கே நிறுத்தி, கொஞ்சம் அமைதிக்குப் பின் 9-20-ஐ வேறொருவர் வாசிக்கட்டும். 16:18-ல் சர்ப்பம் வரும், சிறுவர்கள் கேட்காமல் விடமாட்டார்கள். பதிலோடு போங்கள்.